வாக்குமூலம் தராத மனிதர்

சின்னத்திரைத் துப்பறிவாளர்கள் – 12

சென்ற வாரம் கொலம்போவைப் பார்த்தோம். கொலைகாரர் யார் என்பது முதல் சில நிமிடங்களிலேயே நமக்குத் தெரிந்துவிடும். கசங்கிய மழைக்கோட்டோடு கொலம்போ அந்த ஆளைச் சுற்றிச் சுற்றி வருவார், விடைபெற்றுக் கிளம்பிய பிறகும் திரும்பி வந்து ஒரு கேள்வி கேட்பார், கடைசியில் மடக்கிவிடுவார். நாமும் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். அந்த நிம்மதியைப் பார்வையாளருக்குத் தர மறுத்த ஓர் அத்தியாயம் உண்டு. துப்பறியும் தொடர்களின் வரலாற்றில் இதைவிட நேர்மையான 45 நிமிடங்களை நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1993 மார்ச் 3 அன்று ஒளிபரப்பான அந்த அத்தியாயத்தின் பெயர் ‘த்ரீ மென் அண்ட் அடீனா’. ‘ஹோமிசைட்: லைஃப் ஆன் த ஸ்ட்ரீட்’ தொடரில் ஒளிபரப்பு வரிசைப்படி ஐந்தாவது. எழுதியவர் டாம் ஃபொன்டானா. இயக்கியவர் மார்ட்டின் கேம்ப்பெல். பின்னாளில் ‘கோல்டன் ஐ’, ‘கேசினோ ராயல்’ ஆகிய ஜேம்ஸ் பாண்ட் படங்களை எடுத்தவர் இவர்தான். வானத்திலும் கடலிலும் துரத்தல்களைப் படமாக்கிய அந்த இயக்குநர், இங்கே ஓர் அறையை விட்டு ஏறக்குறைய வெளியே வரவே இல்லை. அறைக்குள் ஒரு மேசை, சில நாற்காலிகள், மூன்று மனிதர்கள். தலைப்பில் நான்காவதாக இருக்கும் பெயர் கொலையுண்ட சிறுமியுடையது.

புத்தகத்திலிருந்து வந்த வழக்கு

பால்டிமோர் சன் நாளிதழின் குற்றச் செய்தியாளர் டேவிட் சைமன், 1988இல் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அந்நகரக் காவல்துறையின் கொலை வழக்குப் பிரிவோடு ஓராண்டு முழுவதும் இருந்தார். அந்த ஆண்டு பால்டிமோரில் நடந்த கொலைகள் 234. துப்பறிவாளர்கள் போன இடமெல்லாம் அவரும் போனார். அவர்கள் பேசிக்கொண்டதை எழுதிக்கொண்டார். 1991இல் அது ‘ஹோமிசைட்: எ இயர் ஆன் த கில்லிங் ஸ்ட்ரீட்ஸ்’ என்ற புத்தகமாக வந்தது. பால்டிமோரில் பிறந்த இயக்குநர் பேரி லெவின்சன் அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனார். திரைக்கதையாளர் பால் அட்டனாசியோ தொடராக வடிவமைத்தார். பிற்காலத்தில் ‘த வயர்’ தொடரை உருவாக்கிய சைமனுக்குச் சின்னத்திரைக்கான வாசல் இப்படித்தான் திறந்தது.

அந்தப் புத்தகத்தில் எத்தனையோ வழக்குகள் வந்து போகின்றன. ஒன்று மட்டும் கடைசிவரை போகாமல் நிற்கிறது. பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்படுகிறாள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர் ஒருவர்மேல் சந்தேகம் விழுகிறது. திரும்பத் திரும்ப விசாரிக்கிறார்கள், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. குற்றம் சாட்டும் அளவுக்குத் தடயமும் சேரவில்லை. அந்த வழக்கை எடுத்து நடத்திய துப்பறிவாளரை அது ஆட்டி வைத்தது. கொலையாளி யார் என்பது நிறுவப்படவே இல்லை.

தொடரில் அந்தச் சிறுமி அடீனா வாட்சன் ஆனாள். கொலைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் டிம் பேலிஸ் பொறுப்பேற்கும் முதல் வழக்கு அவளுடையது. அலுவலகச் சுவரில் ஒரு பெரிய வெள்ளைப் பலகை தொங்கும். ஒவ்வொரு துப்பறிவாளரின் பெயருக்குக் கீழும் அவர் பொறுப்பில் உள்ள வழக்குகளில் இறந்தவர்களின் பெயர்கள். தீராத வழக்கு என்றால் சிவப்பு மை, தீர்ந்தால் கருப்பு மை. பேலிஸின் பெயருக்குக் கீழே சிவப்பில் ‘வாட்சன்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கருப்பாக்கிவிட வேண்டும் என்று அவர் துடிப்பதுதான் முதல் சில அத்தியாயங்களின் ஓட்டம்.

பன்னிரண்டு மணி நேரம்

சந்தேகத்துக்குரியவர் ரிஸ்லி டக்கர் என்ற முதியவர். குதிரை வண்டியில் பழமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாக விற்பவர். பால்டிமோரில் இவர்களுக்கு ‘ஏரபர்’ என்று பெயர். கறுப்பின மக்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் தொழில் அது. அடீனா அவருக்குத் தெரிந்த பெண். குதிரைக் கொட்டகையில் அவருக்கு ஒத்தாசையாக இருந்தவள். அந்தக் கொட்டகை பின்னர் எரிந்துபோனது. சிறுமியின் உடையிலிருந்த கறையும் கொட்டகையின் கரியும் ஒத்துப்போகின்றன என்கிறது ஆய்வறிக்கை. காவல்துறையின் கையில் இருக்கும் வலுவான துரும்பு அவ்வளவுதான். அவள் அந்தக் கொட்டகைக்குப் போய்வருகிறவள் என்னும்போது அதன் வலுவும் பாதியாகிவிடுகிறது.

டக்கரை ஏற்கெனவே பலமுறை அழைத்து விசாரித்தாகிவிட்டது. இதுவே கடைசி வாய்ப்பு. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அவர் வாயிலிருந்து வாக்குமூலம் வர வேண்டும், வராவிட்டால் விட்டுவிட வேண்டும். பேலிஸோடு உள்ளே போகிறவர் ஃபிராங்க் பெம்பிள்டன். அந்தப் பிரிவிலேயே விசாரணையில் கெட்டிக்காரர். ஆந்த்ரே பிராவரின் நடிப்பில் தொலைக்காட்சி கண்ட மிகச் சிறந்த துப்பறிவாளர்களில் ஒருவர். டக்கர்தான் கொலைகாரர் என்று பேலிஸ் உறுதியாக நம்புகிறார். பெம்பிள்டனுக்கு அந்த உறுதி இல்லை.

விசாரணை தணிந்த குரலில் தொடங்குகிறது. அன்று எங்கே இருந்தீர்கள், யாரைப் பார்த்தீர்கள் என்று முன்பு கேட்டதையே மறுபடி கேட்கிறார்கள். சிறுமியின் புகைப்படங்கள் கண்முன் வைக்கப்படுகின்றன. ஒருவர் அதட்டுகிறார், மற்றவர் அணைத்துப் பேசுகிறார். சிறிது நேரத்தில் வேடம் மாறுகிறது. டக்கர் சொல்லும் சின்னச் சின்னப் பொய்கள் ஒவ்வொன்றாக உடைகின்றன. குடிப்பழக்கம் உள்ளவர் என்பது பிடிபட்டதும் பெம்பிள்டன் அவருக்கு அருகில் வந்து, மிக மெல்லிய குரலில், போதையில் செய்ததை நீங்களே மறந்திருக்கலாம் அல்லவா என்று அவர் மனதுக்குள் ஒரு கதையை ஊட்டத் தொடங்குகிறார். முதியவர் ஆடிப்போகிறார். தன் நினைவையே சந்தேகிக்கிறார். அந்தக் கணத்தில் அவர் தலையசைத்திருந்தால் வழக்கு முடிந்திருக்கும். அந்தத் தலையசைப்பு உண்மையாக இருந்திருக்குமா என்று எவராலும் சொல்ல முடியாது. அத்தியாயத்தின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது.

பேலிஸ் நிதானம் இழக்கிறார். டக்கரைப் பிடித்து, சுடும் குழாய்க்குப் பக்கத்தில் அவர் முகத்தைக் கொண்டுபோய் மிரட்டுகிறார். நாம் நல்லவர் என்று நம்பி வந்த ஒருவர், ஒரு குழந்தைக்கு நியாயம் கேட்கும் வெறியில், ஒரு கிழவரைச் சித்திரவதை செய்யும் விளிம்புக்கு வந்துவிட்டார். இயக்குநர் இதற்கு வீர இசை எதுவும் சேர்க்கவில்லை. நம் முகத்துக்கு நேரே வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார்.

பிறகு காற்று திசை மாறுகிறது. அதுவரை பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் கேள்வி கேட்கிறவராகிறார். கறுப்பரான பெம்பிள்டனைப் பார்த்து, என்னைப் போன்ற ஏழைக் கறுப்பனைக் கண்டால் உனக்கு ஏளனம் என்கிறார். பேலிஸைப் பார்த்து, உனக்குள் ஓர் இருட்டு இருக்கிறது, அதைக் கண்டு நீயே நடுங்குகிறாய் என்கிறார். சிறுவயதில் பேலிஸ் தன் குடும்பத்துக்குள்ளேயே பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்பது ஐந்தாவது பருவத்தில்தான் வெளிப்படுகிறது. இந்த அறையில் டக்கர் சொன்னது அப்போது நமக்கு இன்னொரு பொருளில் கேட்கிறது.

இறுதியில் டக்கர் ஒன்றை ஒப்புக்கொள்கிறார். ஒரு முதியவர் ஒரு சிறுமிமேல் வைத்திருக்கக் கூடாத அன்பை அவள்மேல் வைத்திருந்ததாக உடைந்துபோய்ச் சொல்கிறார். கேட்பவர் உடம்பு கூசுகிறது. ஆனால் கொன்றேன் என்று அவர் சொல்லவில்லை. நேரம் முடிகிறது. அவர் வெளியே போகிறார்.

மிஞ்சும் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். சந்தேகத்தோடு உள்ளே போன பெம்பிள்டன், இவர்தான் கொன்றிருக்கிறார் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். உறுதியோடு உள்ளே போன பேலிஸுக்கு இப்போது ஒன்றும் உறுதியாகத் தெரியவில்லை. அதே அறை, அதே சொற்கள், அதே முகம். இரண்டு தேர்ந்த துப்பறிவாளர்கள் எதிரெதிர் முடிவுகளுக்கு வந்து நிற்கிறார்கள். பலகையில் ‘வாட்சன்’ சிவப்பிலேயே இருக்கிறது.

நம் பசி

டக்கராக நடித்தவர் மோசஸ் கன். நியூயார்க்கின் நீக்ரோ என்செம்பிள் நாடகக் குழுவின் முதல் தலைமுறைக் கலைஞர். இதை நடித்துக் கொடுத்த அதே ஆண்டு டிசம்பரில் காலமானார். அவருடைய கண்ணில் குற்றவாளியும் தெரிகிறான், அநியாயமாக மாட்டிக்கொண்டவனும் தெரிகிறான். நம்மைத் தீர்ப்புச் சொல்ல விடாமல் கடைசிவரை இரண்டையும் பிடித்து வைத்திருக்கிறார். இந்த எழுத்துக்காக ஃபொன்டானா அந்த ஆண்டின் எம்மி விருதைப் பெற்றார். கையில் பிடித்த 16 மில்லிமீட்டர் கேமராவும் திடீரென்று தாவும் வெட்டுகளும் அன்றைய தொலைக்காட்சிக்குப் புதியவை. அந்த அறைக்குள் நாமும் வியர்த்து உட்கார்ந்திருப்பதுபோல் தோன்ற அவையும் காரணம்.

ஆனால் இந்த அத்தியாயம் எனக்கு முக்கியமாவது வேறொரு காரணத்தால். பார்த்துக்கொண்டிருக்கும்போது நாம் பேலிஸின் பக்கம் இருக்கிறோம். அந்தக் கிழவர் சொல்லிவிட வேண்டும் என்று ஏங்குகிறோம். குழாய் வரும்போது திடுக்கிட்டாலும், இப்போதாவது சொல்லட்டும் என்று மனதின் ஒரு மூலை கேட்கிறது. தொலைக்காட்சி அரை நூற்றாண்டாக நமக்குப் பழக்கிவிட்ட பசி அது. உண்மையான விசாரணை அறைகளில் இதே பசி மனிதர்களை அழித்திருக்கிறது.

விசாரணையில் காவலர்கள் பொய் சொல்வதை அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. உன் கூட்டாளி ஒப்புக்கொண்டுவிட்டான் என்று பொய் சொல்லி வாங்கிய வாக்குமூலம் செல்லும் என்று 1969இல் ‘ஃபிரேசியர் எதிர் கப்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபது ஆண்டு கழித்து, 1989 ஏப்ரலில், நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஓடப் போன ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டார். 14 முதல் 16 வயது வரையிலான ஐந்து சிறுவர்கள் நீண்ட நேரம் விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டார்கள். நால்வரின் வாக்குமூலம் வீடியோவில் பதிவாகியிருந்தது. 2002இல் வேறொருவர் நான்தான் செய்தேன் என்று முன்வந்தார், மரபணுவும் அவருடையதே. ஐவர் மீதான தீர்ப்பும் ரத்தானது. 2014இல் நகர நிர்வாகம் 4.1 கோடி டாலர் இழப்பீடு தந்தது. போன இளமை போனதுதான்.

இது தனி நிகழ்வும் இல்லை. அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் நிரபராதிகள் என்று நிறுவப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர், தான் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டவர் அல்லது தனக்கு எதிராகத் தானே வாய்விட்டவர். மணிக்கணக்கில் தூக்கமின்றி, தனியாக, நீதான் மறந்துவிட்டாய் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டால் மனித மனம் வளைந்துவிடும். பெம்பிள்டன் மெல்லிய குரலில் டக்கரிடம் செய்தது அதைத்தான். 2021இல் இல்லினாய் மாநிலம், சிறார்களை விசாரிக்கும்போது காவலர்கள் பொய் சொல்வதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அமெரிக்க மாநிலங்களில் அதுவே முதல். இந்த அத்தியாயம் வந்து அப்போது 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.

‘ஹோமிசைட்’ பெரிய வெற்றித் தொடர் இல்லை. பார்வையாளர் எண்ணிக்கை குறைந்ததால் இரண்டாவது பருவத்துக்கு நான்கே அத்தியாயங்கள் கிடைத்தன. இருந்தும் 1999 வரை ஏழு பருவங்கள், 122 அத்தியாயங்கள் ஓடியது. 1996இல் ‘ரெக்வியம் ஃபார் அடீனா’ என்ற அத்தியாயத்தில் வேறொரு சிறுமியின் கொலை பேலிஸைப் பழைய வழக்குக்குத் திரும்ப இழுக்கிறது. அங்கும் அவருக்கு விடை கிடைக்கவில்லை. ஏழு பருவம் ஓடியும் விடை சொல்லும் சபலத்துக்கு எழுத்தாளர்கள் இடம் கொடுக்கவில்லை. இறந்துபோன ஒரு நிஜக் குழந்தைக்கு அவர்கள் செய்த மரியாதை அது. நிஜத்தில் கிடைக்காத நீதியைக் கதையில் வாங்கித் தந்து நம்மைச் சமாதானப்படுத்த அவர்கள் விரும்பவில்லை.

பல ஆண்டுகள் இணையத்தில் கிடைக்காமலிருந்த இந்தத் தொடர் 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் பீகாக் தளத்துக்கு வந்தது. வாய்ப்புக் கிடைக்கும்போது இந்த ஓர் அத்தியாயத்தையாவது பாருங்கள். அதன்பிறகு எந்தத் தொடரிலோ படத்திலோ ஒரு காவலர் மேசையைத் தட்டி, சந்தேக நபரை அழவைத்து, உண்மையை வாங்கிவிட்டதாகக் காட்டினால், ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வாக்குமூலத்தை எடுத்துவிட்டால் கையில் என்ன தடயம் மிஞ்சும்? செய்தித்தாளில் ‘குற்றவாளி ஒப்புக்கொண்டார்’ என்று படிக்கும்போதும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

அடுத்த வாரம்: ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கும் பிரிட்டிஷ் விசாரணை அறையில் ‘பிரைம் சஸ்பெக்ட்’ ஜேன் டென்னிசன்.

(தொடரும்)