ரசிகர்கள் திருத்திய கிளைமாக்ஸ்

மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்வதைத்தான் புக்கிங் என்கிறார்கள். இது ஊரறிந்த சங்கதி. ஆனால், எழுதிவைத்த கதையை அரங்கமே ஏற்க மறுத்தால்? 2024 பிப்ரவரியில் அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ. அந்த நெருக்கடியில் சிக்கியது.

அந்தக் கதையின் நாயகன் கோடி ரோட்ஸ் என்ற வீரர். அவருடைய அப்பா டஸ்டி ரோட்ஸ், ரசிகர்கள் உயிரையே வைத்திருந்த வீரர். 1977இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சாம்பியன் சூப்பர்ஸ்டார் பில்லி கிரஹாமை வென்றார். ஆனால் எதிராளி ரிங்குக்கு வெளியே இருக்கும்போது நடுவர் எண்ணி முடித்ததால் கிடைத்த வெற்றி என்பதால், விதிப்படி சாம்பியன் பெல்ட் கைமாறவில்லை. அந்தப் பெல்ட்டைக் கட்டாமலேயே 2015இல் இறந்துபோனார். அதை நான் வாங்குவேன் என்று வந்த மகன், நிறுவனத்தின் ஆண்டுப் பெருவிழாவான ரெஸில்மேனியாவில், 2023இல் சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸிடம் தோற்றார். அடுத்த ஜனவரியில், ரெஸில்மேனியாவில் சாம்பியனுடன் மோதும் வாய்ப்பைத் தரும் ராயல் ரம்பிளை மறுபடியும் ஜெயித்து, தன் வாய்ப்பைத் திரும்பப் பெற்றார்.

ஒரே வாரத்தில் எல்லாம் தலைகீழானது. பிப்ரவரி 2, பர்மிங்ஹாம். ரெய்ன்ஸை வீழ்த்துவேன், ஆனால் ரெஸில்மேனியாவில் அல்ல என்றார் கோடி. மல்யுத்தத்திலிருந்து ஹாலிவுட்டுக்குப் போன ராக்கின் இசை ஒலித்தது. இருவரும் கட்டிப்பிடித்தார்கள், காதோடு ஏதோ பேசிக்கொண்டார்கள். கோடி இறங்கிப் போக, ராக்கும் ரெய்ன்ஸும் முறைத்தபடி நின்றார்கள். ரெஸில்மேனியாவில் ரெய்ன்ஸோடு மோதப்போவது ராக்தான் என்று புரிந்தது. ராக் அப்போதுதான் தாய் நிறுவனமான டி.கே.ஓ.வின் இயக்குநர் குழுவில் சேர்ந்திருந்தார். ஹாலிவுட் நட்சத்திரம் வந்தால் உழைத்தவன் ஒதுங்க வேண்டுமா என்று ரசிகர்கள் கொதித்தார்கள். 'எங்களுக்குக் கோடிதான் வேண்டும்' என்று இணையம் அதிர்ந்தது. மூன்றாம் நாள் ரா நிகழ்ச்சியில் ராக்குக்கு எதிராகவே கோஷம் எழுந்தது.

பிப்ரவரி 8, லாஸ் வேகாஸ். மேடையேறிய கோடி, ரெய்ன்ஸைத்தான் தேர்ந்தெடுக்கிறேன் என்றார். கோடியின் பேச்சு தன் குடும்பத்தைத் தொட்டதும் ராக் அவரை ஓங்கி அறைந்தார். சறுக்கலை மூடி மறைக்காமல், ரசிகர்களின் கோபத்தையே கதையாக்கிவிட்டார்கள். படைப்புப் பொறுப்பிலிருந்த டிரிபிள் ஹெச்சின் அணி செய்ததில் நான் மிகவும் மதிக்கும் வேலை இதுதான்.

ராக்கையும் பாராட்டியே தீர வேண்டும். உலகமே கொண்டாடும் நடிகர் ரெய்ன்ஸோடு சேர்ந்து வில்லனாக மாறச் சம்மதித்தார். அதிலும் முழு மனதோடு இறங்கினார். மார்ச் இறுதியில் சிகாகோ அருகே, கொட்டும் மழையில் கோடியை அடித்துப்போட்டு, அவர் நெற்றி ரத்தத்தை ஒரு பெல்ட்டில் தேய்த்தார். அதில் பொறித்திருந்தது 'மாமா ரோட்ஸ்': கோடியின் அம்மா. பழைய திட்டத்தில் இப்படியொரு காட்சிக்கு இடமே இருந்திருக்காது.

ஏப்ரல் 6, ஃபிலடெல்ஃபியாவில் ரெஸில்மேனியாவின் முதல் இரவு, கோடியின் அணியை ராக்-ரெய்ன்ஸ் ஜோடி ஜெயித்தது. அதனால் மறுநாள் நடந்த கோடி-ரெய்ன்ஸ் ஆட்டம் ரெய்ன்ஸ் தரப்பு விதிப்படி, யார் வேண்டுமானாலும் குறுக்கிடலாம் என்றானது. ராக் குறுக்கிட்டார். அவரை அடக்கப் பழைய ஜாம்பவான் அண்டர்டேக்கரே வந்தார். 1,316 நாள் நீடித்த ரெய்ன்ஸின் ஆட்சி முடிந்தது. சாம்பியன் பெல்ட் கோடியின் கைக்கு வந்ததும், அம்மா ரிங்குக்குள் வந்து மகனைக் கட்டிக்கொண்டார்.