கிள்ளானிலிருந்து கடல்நாய்களை எண்ணுவது

அண்டார்டிகாவில் எத்தனை கடல்நாய்கள் இருந்தால் நமக்கென்ன, பிள்ளைகள் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்க வேண்டாமா என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். நான் கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கேள்வியில் நியாயம் இருந்தது. அன்று அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டுக்கும் தென் துருவத்துக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. 1982-இல் ஐ.நா. பொதுச் சபையில் பேசிய அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர், அண்டார்டிகா ஒரு சில நாடுகளின் சொத்தல்ல, மனிதகுலத்துக்கே பொதுவானது என்ற வாதத்தை எழுப்பினார். மலேசியா அந்த விவாதத்தைப் பல ஆண்டுகள் விடவில்லை. பிறகு, உள்ளே போய் ஆராயவும் முடிவெடுத்தது. 2002-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசிய அண்டார்டிகா ஆய்வு மையம் வந்தது. 2011 அக்டோபர் 31-இல் அண்டார்டிகா உடன்படிக்கையில் இணைந்தோம். 2016 ஆகஸ்டில் உலகின் துருவ விஞ்ஞானிகள் கோலாலம்பூரில் கூடி மாநாடு நடத்தினார்கள். அங்கே நமக்கென்று நிலையம் கிடையாது. நியூசிலாந்தின் ஸ்காட் நிலையம் போன்ற பிற நாட்டு நிலையங்களில் தங்கித்தான் நம் ஆய்வாளர்கள் வேலை செய்திருக்கிறார்கள். அவர்கள் அதிகம் ஆராய்ந்தது நுண்ணுயிர்களையும் பாசிகளையும் வளிமண்டலத்தையும். ஸ்காட் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பனிப்பிளவுகளின் வழியே ஏறி வந்து வெடல் கடல்நாய்கள் படுத்திருக்கும். நம் ஆய்வு இன்னும் அவற்றின் பக்கம் திரும்பவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இந்த வெடல் கடல்நாய் 400, 500 கிலோ எடை வரை வளரும். ஒரு மணி நேரத்துக்கும் மேல் மூச்சடக்கி 600 மீட்டர் ஆழம் வரை போகக்கூடியது. கரையோடு ஒட்டி உறைந்த கடல்பனிதான் அதன் வீடு. கடல் இறுகும் குளிர்காலத்தில் அது பனிக்கு அடியிலேயே இருக்கும். மூச்சுவிடும் துளை மூடிவிடாமல் பல்லால் பனியைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். பல் தேய்ந்துபோனால் ஆயுளும் குறையும். அக்டோபர், நவம்பரில் பெண் கடல்நாய்கள் பனிமேல் ஏறிக் குட்டி போடும். மெக்மர்டோ நீரிணையின் எரெபஸ் விரிகுடாவில் 1968 முதல் குட்டிகளின் பின் துடுப்பில் அடையாள வில்லை மாட்டி, எது எப்போது திரும்பி வருகிறது, எத்தனை குட்டி போடுகிறது என்று ஆண்டுதோறும் குறித்து வருகிறார்கள். நீண்ட ஆயுளுள்ள ஒரு விலங்கைப் பற்றி இவ்வளவு நெடிய கணக்கு உலகில் மிக அரிது.

ஆனால் அது ஒரே ஒரு விரிகுடாவின் கணக்கு. கண்டம் முழுவதையும் சுற்றி எண்ணக் கப்பலும் விமானமும் போதாது. அதனால் மிஷெல் லாரூ என்ற ஆய்வாளரின் குழு செயற்கைக்கோள் படங்களை எடுத்துக்கொண்டு, எண்ணும் வேலையை இணையம் வழியாகப் பொதுமக்களிடமே கொடுத்தது. உலகெங்கும் லட்சக்கணக்கானோர் வீட்டிலிருந்தபடியே பார்த்தார்கள். எங்கள் பள்ளிக் கணினி அறையில் நானும் சில மாணவர்களும் பார்த்தோம். திரை முழுக்க வெள்ளை. அதில் சிந்திய கருஞ்சீரகம் மாதிரிச் சில புள்ளிகள். "டீச்சர், இது கல்லா, சீலா?" என்று படிவம் நான்கு மாணவி ஒருத்தி கேட்டாள். உருப்பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். பனிவிரிசல் ஓரமாக, நீளவாக்கில், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கிடந்தால் கடல்நாயாக இருக்கலாம். பாறையின் நிழல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "மூணு சீல், ஒரு கல்லு" என்றாள். அந்தப் பொறுமையை எந்தப் பாடநூலாலும் நான் அவளுக்குக் கற்றுத் தந்திருக்க முடியாது.

2021-இல் முடிவு வெளியானது. 2011 நவம்பரில் எடுத்த படங்களின்படி வெடல் பெண் கடல்நாய்கள் ஏறத்தாழ 202,000. முன்பு மொத்தம் எட்டு லட்சம் என்று ஒரு மதிப்பீடு இருந்தது. அதையும் இதையும் வைத்து, இனம் அழிகிறது என்று அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. அந்தப் பருவத்தில் ஆண்கள் பெரும்பாலும் பனிக்கு அடியில், நீருக்குள் தங்கள் எல்லையைக் காத்துக்கொண்டிருக்கும், படத்தில் விழாது. புதிய எண்ணிக்கையின் பயன், இனி வரும் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடித்தளம் கிடைத்ததுதான்.

இடம்பெயர்வைப் பின்தொடர்வது வேறு வேலை. தென் துருவக் கடல்பனி பிப்ரவரியில் சுமார் 30 லட்சம் சதுர கிலோமீட்டருக்குச் சுருங்கும். செப்டம்பரில் 180 லட்சம் வரை விரியும். இந்த மாற்றத்தோடு கடல்நாய்களும் நகர்கின்றன. யானைக் கடல்நாய் ஆண்டுக்கு இரண்டு முறைதான் கரைக்கு வரும், குட்டி போட ஒருமுறை, தோல் உரிக்க ஒருமுறை. மற்ற மாதங்களில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தும். அதன் தலையில் சிறு கருவியொன்றைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். மூச்சுவிட மேலே வரும்போதெல்லாம் ஆழம், வெப்பம், உப்பளவு ஆகியவற்றை அது செயற்கைக்கோளுக்கு அனுப்பும். அடுத்த ஆண்டு தோல் உரியும்போது கருவியும் கழன்று விழுந்துவிடும். கப்பல் நுழைய முடியாத குளிர்காலப் பனிக்கடலிலிருந்து இப்படித்தான் தகவல் வருகிறது. உலகப் பெருங்கடல்களின் அடித்தளம் வரை இறங்கிப் பரவும் கடுங்குளிர் நீர் அண்டார்டிகாவின் கேப் டார்ன்லி அருகேயும் உருவாகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-இல் உறுதிசெய்ய இந்த விலங்குகள் திரட்டித் தந்த அளவீடுகளும் உதவின.

கணக்கு ஏன் அவசரம் என்பதற்கு அண்மைச் சான்று பறவைக் காய்ச்சல். 2023-இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் யானைக் கடல்நாய்க் குட்டிகள் 17,000-க்கும் மேல் இறந்தன. அவ்வாண்டு பிறந்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. தெற்கு ஜார்ஜியா தீவின் மூன்று பெரிய கூட்டங்களை 2022-இலும் 2024-இலும் வானிலிருந்து படமெடுத்து ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், கரையேறும் தாய்கள் 47 விழுக்காடு குறைந்ததைக் கண்டார்கள். 2022-இன் படம் கையில் இல்லாவிட்டால் இந்த இழப்பின் அளவு யாருக்கும் தெரிந்திருக்காது.

இன்னொரு நெருக்கடி இரையில் இருக்கிறது. நண்டுண்ணிக் கடல்நாய்க்குப் பெயரில்தான் நண்டு. அது வாழ்வது கிரில் என்ற சிற்றிறால் வகையைத் தின்று. அந்த கிரிலை இயந்திரக் கப்பல்கள் அள்ளுகின்றன. 2025-இல் தென்மேற்கு அட்லாண்டிக் பகுதியில் பிடிப்பு 620,000 டன் என்ற வரம்பைத் தொட்டுவிட்டதால் பருவம் முடியும் முன்பே மீன்பிடிப்பை மூடினார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் மருந்துக்கடைக்குப் போனால் கிரில் எண்ணெய் மாத்திரைப் புட்டி அலமாரியில் நிற்கிறது. நமக்கென்ன என்று கேட்ட தந்தைக்கு நான் அதைத்தான் சுட்டிக்காட்டினேன். துருவக் கடலிலிருந்து எடுப்பதில் நமக்கும் பங்கு வந்தாயிற்று. காப்பதிலும் பங்கு வேண்டும்.

பிள்ளைகள் உயிரியலோ கடலியலோ படிக்க ஆசைப்பட்டால் பெற்றோர் தடுக்காதீர்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் துருவ ஆய்வு நடப்பதை அவர்களிடம் சொல்லுங்கள். ஆசிரியர்களே, செயற்கைக்கோள் படத்தில் விலங்குகளை எண்ணும் பொதுமக்கள் திட்டம் எது திறந்திருந்தாலும் உங்கள் வகுப்பைச் சேர்த்துவிடுங்கள். அதற்கு ஒரு கணினியும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.