பாட்டு கேட்கிறோம்... சி.டி மட்டும் ஏன் வாங்குவதில்லை?

கடைசியாக எப்போது காசு கொடுத்து ஒரு பாட்டு சி.டி வாங்கினீர்கள்? பலருக்கு வருடமே நினைவிருக்காது. ஆனால், பாட்டு கேட்காத நாள் உண்டா?

அமெரிக்காவில் 1999-ல் இசை விற்பனை சுமார் 1,460 கோடி டாலர். 2015-ல் அதில் பாதிகூட இல்லை. அப்படி என்னதான் நடந்தது?

திருட்டு மட்டும்தானா?

பழி முழுக்க விழுந்தது 'நாப்ஸ்டர்' மீது. 1999-ல் வந்த இந்த மென்பொருள் மூலம், யாரோ ஒருவரின் கணினியில் இருக்கும் எம்பி3 பாடலை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இசை நிறுவனங்கள் வழக்கு போட்டன. 2001-ல் அது முடங்கியது. ஆனாலும் சரிவு நிற்கவில்லை. அதுபோன்ற வேறு மென்பொருள்கள் முளைத்தது ஒரு காரணம். இன்னும் சில காரணங்களும் உண்டு.

ஒரே பாட்டை இரண்டு முறை வாங்கியவர்கள்

1982-ல் சி.டி வந்தது. இசைத்தட்டாகவும் கேசட்டாகவும் வீட்டில் இருந்த அதே ஆல்பங்களை மக்கள் மறுபடியும் சி.டி-யாக வாங்கினார்கள். எல்லாவற்றையும் மாற்றி முடித்ததும் அந்த வியாபாரம் ஓய்ந்துவிட்டது.

ஒரு பாட்டுக்காக முழு சி.டி எதற்கு?

பிடித்தது ஒரு பாட்டு என்றாலும் முழு ஆல்பத்துக்கும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. 2003-ல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் ஸ்டோர், ஒரு பாட்டை 99 சென்ட்டுக்கு விற்றது. திருடாமல், முறையாகக் காசு கொடுத்தவர்களும் குறைவாகச் செலவழித்தார்கள். நம்மூரில் பிடித்த பாட்டுகளை மட்டும் பட்டியல் எழுதிக்கொடுத்து, ரெக்கார்டிங் சென்டரில் கேசட்டில் பதிந்து வாங்கிய தலைமுறைக்கு இந்த மனசு நன்றாகவே புரியும்!

இப்போது பணம் யாருக்கு?

பிறகு, வாங்கவே தேவையில்லை என்றானது. ஸ்பாட்டிஃபை போன்ற ஆப்களில் மாதச் சந்தா கட்டினால் போதும். 2021-ல் அமெரிக்க இசை வருமானம் மீண்டும் 1,500 கோடி டாலரைத் தொட்டது. விலைவாசி உயர்வைக் கழித்தால் இது 1999-ஐவிடக் குறைவுதான். இதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஸ்ட்ரீமிங் பணம்.

ஆனால், ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் கிடைப்பது ஒரு சென்ட்டில் சிறு பகுதிதான். கோடிக்கணக்கில் கேட்கப்படும் நட்சத்திரங்களுக்கு அது பெரிய தொகை. சில ஆயிரம் ரசிகர்களை மட்டும் வைத்திருக்கும் கலைஞருக்கோ, முன்பு சி.டி விற்றுக் கிடைத்தது இன்று கிடைப்பதில்லை.

ஓர் ஆச்சர்யம்... 2022-ல் அமெரிக்காவில் சி.டி-யைவிட வினைல் இசைத்தட்டுகள் அதிகம் விற்றன. எண்ணிக்கையில் இப்படி நடந்தது 1987-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. பிடித்த இசையைக் கையில் வைத்துக்கொள்ளக் காசு கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் எத்தனை கேசட்டுகள் தூங்குகின்றன?