பணிவும் வேண்டும், பில்லும் வேண்டும்

சாயல்குடி வழியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சரக்கு கொண்டு செல்லும் வணிகர்களுக்குப் போலீஸ் சோதனை புதிதல்ல. 2019 டிசம்பரில் இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்திய பின், இக்கடற்கரையில் கடத்தல் மஞ்சள் மூட்டைகள் பலமுறை பிடிபட்டன. ஆகவே, கடைக்கு நேர்மையாக மஞ்சள் கொண்டு வருபவரையும் நிறுத்திக் கேட்கத்தான் செய்வார்கள்.

அப்போது கோபம் வேண்டாம். வண்டியை ஓரம் கட்டி, "வணக்கம் ஐயா, இதோ பில்" என்று நீட்டுங்கள். மாநிலத்துக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட, வரிக்குரிய சரக்கென்றால் இ-வே பில்லும் உடனிருக்கட்டும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பணிவு என்பது உரிமையை விட்டுக்கொடுப்பதல்ல. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான வணிகர்களான தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு, சில நாட்களில் உயிரிழந்ததை நாம் மறக்க இயலாது. கைது என்றால் காரணம் கூற வேண்டும். உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று 1996இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இவற்றையும் குரல் உயர்த்தாமலே கேளுங்கள். காவலர் பெயர், இடம், நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு, உடனே வீட்டுக்கும் சங்கத்துக்கும் தகவல் கொடுங்கள்.