மாத்திரைக்கு அடங்காத கிருமி: 14 நாள் ஏன் காத்திருக்கணும்?

சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் காசநோய்க் கிருமி மாதிரியே தெரிகிறது. ஆனால் சிபிநாட் பரிசோதனையில் காசநோய் 'இல்லை' என்று வருகிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால், ரிப்போர்ட் தப்பு என்று தூக்கிப் போட்டுடாதீங்க. அது காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியாவாக இருக்க வாய்ப்புண்டு. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் கிருமிகள் இவை. பொதுவாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஊசி போட்ட இடத்திலோ, ஆபரேஷன் தழும்பிலோ ஆறாத கட்டியாகவும் இவை வரும்.

இவற்றில் ரொம்பப் பிடிவாதமானது 'மைக்கோபாக்டீரியம் அப்செசஸ்'. காசநோய்க்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் மேல் இதன் நொதி ஒன்று ஒரு வேதித்துண்டை ஒட்டிவிடும், மருந்து செத்துப்போகும். பீட்டா-லாக்டமேஸ் என்ற இன்னொரு நொதி பென்சிலின் வகை மருந்துகளை உடைத்துப்போடும். அதனால்தான் காசநோய் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியும் சிலருக்குக் குணம் தெரிவதில்லை.

இதைவிடத் தந்திரமான நொதி எர்ம்-41. கிளாரித்ரோமைசின், அசித்ரோமைசின் மருந்துகள் கிருமியின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமில் போய் உட்கார்ந்து வேலையை நிறுத்தும். எர்ம்-41 மருந்தைத் தொடுவதே இல்லை. மருந்து உட்காரும் இடத்தில் ஒரு மெத்தில் துண்டை வைத்துவிடுகிறது. சாவி நல்ல சாவிதான். பூட்டின் ஓட்டையில் மெழுகு அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த நொதி முன்கூட்டியே அதிகம் இருக்காது. மருந்தைக் கண்ட பிறகுதான் கிருமி அதைப் பெருமளவில் தயாரிக்கும். ஆகவே லேபில் 3-ஆம் நாள் பார்த்தால் 'மருந்து கேட்கிறது' என்று தெரியும். அதே தட்டை 14-ஆம் நாள் பார்த்தால் கிருமி ஜம்மென்று வளர்ந்திருக்கும். ரிப்போர்ட் தாமதம் என்று லேபில் கோபப்படும் முன் இதை நினைச்சுக்குங்க.

இதே இனத்தில் 'மசிலியென்ஸ்' என்ற துணையினத்துக்கு எர்ம்-41 மரபணு பாதி அறுந்துபோயிருக்கும். எனவே அதற்கு இந்த மருந்துகள் பெரும்பாலும் நன்றாக வேலை செய்யும். துணையினம் எது, 14 நாள் வரை பார்த்தார்களா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது தப்பே இல்லை.

சளிப் பரிசோதனை அரசு காசநோய் மையங்களில் இலவசம். விவரத்துக்கு 1800-11-6666 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் அசித்ரோமைசின் மட்டும் வாங்கிச் சாப்பிட்டுச் சமாளிக்கப் பார்க்காதீங்க. இந்த நோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துத்தான் தருவார்கள். நுரையீரல் நோய் என்றால், சளியில் கிருமி வளர்வது நின்ற பிறகும் பொதுவாக 12 மாதங்கள் சிகிச்சை தொடரும்.