கொழும்புப் பயணமும் கைமுதலும்

எமது பகுதிப் பெண்களில் பலருக்குக் கொழும்பு என்பது அலுவலகங்களின் நகரம். காணாமற்போன கணவரைத் தேடி, தடுப்பில் இருந்த மகனைப் பார்க்க, ஓர் ஆவணத்தில் முத்திரை பெற என்று இரவு பஸ்ஸில் ஏறிப் போய், பகல் முழுவதும் வரிசையில் நின்று, மறுபடி இரவு பஸ்ஸிலேயே திரும்பிய நகரம் அது. அங்குள்ள சந்தையை அவர்களில் அனேகர் பார்த்ததில்லை. பார்க்கும் மனநிலை இருந்ததுமில்லை.

அச்சமும் ஒரு காரணம். 1987 ஏப்ரல் 21இல் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் குண்டு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2007 ஜூன் மாதத்தில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அது நின்றது. 2009இல் போர் முடிந்த பின்பும் "கொழும்பு எங்களுக்குச் சரிவராது" என்ற எண்ணம் பல வீடுகளில் அப்படியே இருக்கிறது.

குடும்பத்தைத் தலைமை தாங்கும் பெண்களின் சிறுதொழில் குழுக்களோடு வேலை செய்யும் எனக்கு, அவர்களுடைய கணக்குக் கொப்பிகளில் ஒரு விடயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. உழைப்பில் குறையில்லை. பொருளை வாங்கும் விலையில்தான் இலாபம் கரைந்து போகிறது. வாசலுக்கு வரும் வியாபாரியிடம் கடனுக்குத் துணி எடுக்கிறார்கள். கடனுக்குத் தருவதால் அவர் சொன்னதே விலை. தவணை பிந்தினால், அதை அடைக்க நுண்கடன் நிறுவனத்திடம் இன்னொரு கடன். சோட்டி தைத்து விற்கும் ஓர் அக்கா கொப்பியை மூடிவிட்டு என்னிடம் சொன்னார்: "பிள்ளை, தைக்கிறது நான். இலாபம் வேற ஆருக்கோ போகுது."

எனவே, ஏதோ ஓர் அலுவலுக்காகக் கொழும்புக்குப் போகும் பெண், எந்தப் பொருளை எந்தத் தெருவில் வாங்கலாம் என்று அறிந்து போனால், அந்தப் பயணமே அவருக்கு ஒரு கைமுதல் ஆகும். இதைப் பொழுதுபோக்காக எண்ண வேண்டாம். கடனிலிருந்து ஒரு படி விலகும் வழி இது.

தெருவுக்கு ஒரு சரக்கு

மொத்த வியாபாரத்தின் இதயம் புறக்கோட்டை. கோட்டைக்குப் புறத்தே உள்ள இடம் என்பதே பெயரின் பொருள். கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், ஓட்டோ தேவையில்லை. நிலையத்தின் முன்னால் ஓடுவது ஒல்கொட் மாவத்தை. அதிலிருந்து குறுக்குத் தெருக்கள் வரிசையாகப் பிரிகின்றன. கோட்டைப் பக்கத்திலிருந்து எண்ணினால் முதலாம், இரண்டாம், மூன்றாம் என்று போகும். இந்த எண்களை நினைவில் வைத்தால் வழி தவறாது.

முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனங்கள், மணிக்கூடுகள், தொலைபேசி உதிரிகள். இரண்டாம் குறுக்குத் தெருவில் செருப்பு, பை, அலங்காரப் பொருட்கள், ஆயத்த ஆடைகள். சிவப்பும் வெள்ளையுமாகத் தெரியும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல் இந்தத் தெருவில்தான் இருக்கிறது. கூட வந்தவரைத் தவறவிட்டால் சந்திப்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. மூன்றாம் குறுக்குத் தெருவும் பிரதான வீதியும் துணிக்குப் பெயர் போனவை. தையற்காரப் பெண்கள் முதலில் பார்க்க வேண்டியது கெய்சர் வீதி. துணியோடு லேஸ், ரிப்பன், தெறி, சிப் எல்லாம் அங்கு மொத்தமாகக் கிடைக்கும்.

நான்காம் குறுக்குத் தெரு பருப்பு, சீனி, செத்தல் மிளகாய், வெங்காயம் போன்ற பலசரக்குக்கு உரியது. வீட்டோடு சிறு கடை வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான்கள். கபோஸ் லேனில் ஆயுர்வேத மூலிகைகள், மருந்துச் சரக்குகள். செட்டியார் தெருவில் நகைக்கடைகள். மரக்கறி, பழங்களின் மெனிங் சந்தை இப்போது புறக்கோட்டையில் இல்லை. 2020ஆம் ஆண்டின் இறுதியில் பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. முன்பு போய்வந்தவர்கள் பழைய இடத்தில் தேடி அலைய வேண்டாம்.

ஆயத்த ஆடைகளை மொத்தமாக எடுக்க மகரகமவுக்கு அருகிலுள்ள பமுனுவவும் பெயர் பெற்றது. வெள்ளவத்தை காலி வீதியில் சேலைக் கடைகள் பல உண்டு. தமிழில் பேசி வாங்குவது அங்கு சுலபம். ஆனால் அது வீட்டுத் தேவைக்கு ஏற்ற இடம். விற்பதற்கு வாங்குபவர் புறக்கோட்டைக்கே போக வேண்டும்.

வழிச்செலவும் விலைதான்

மலிவு என்று கண்டவுடன் வாங்கக் கூடாது. பஸ் கட்டணம், சாப்பாடு, சுமை கூலி, பொதி அனுப்பும் செலவு எல்லாவற்றையும் பொருளின் விலையோடு சேர்க்க வேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம். பயணத்துக்கு மொத்தம் 6,000 ரூபா செலவு என்று வையுங்கள். 20 சோட்டிக்கான துணி மட்டும் வாங்கினால் ஒரு சோட்டியின் மேல் 300 ரூபா ஏறிவிடும். 100 சோட்டிக்கு வாங்கினால் 60 ரூபா மட்டுமே. 20 சோட்டிக்காக ஒருவர் தனியே போவதைவிட உள்ளூரில் வாங்குவதே இலாபமாக இருக்கலாம். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் மொத்தக் கடைகள் இருக்கின்றன. அங்குள்ள விலையை முதலில் எழுதி எடுத்துக்கொண்டு பிறகு ஒப்பிடுங்கள்.

இதற்கு நல்ல வழி கூட்டுக் கொள்வனவு. ஐந்து பெண்கள் பணத்தையும் பட்டியலையும் ஒன்றுசேர்த்து, இரண்டு பேரை அனுப்பலாம். அடுத்த முறை வேறு இருவர் போகலாம். ஒருவரே எப்போதும் போனால் அறிவு அவரிடம் மட்டும் தங்கிவிடும்; சந்தேகமும் வளரும். மாறி மாறிப் போனால் எல்லோரும் சந்தையைக் கற்றுக்கொள்வார்கள்.

அளவில் ஏமாறாதீர்கள்

துணி விலை கேட்கும்போது, யாருக்கா மீற்றருக்கா என்று கேளுங்கள். 100 யார் துணி ஏறக்குறைய 91 மீற்றர்தான். அகலத்தையும் பாருங்கள். 58 அங்குல அகலத் துணியில் ஒரு மீற்றர், 36 அங்குல அகலத் துணியில் ஒன்றரை மீற்றருக்கும் அதிகம். ஆகவே விலை கூடத் தெரிகிற துணி உண்மையில் மலிவாக இருக்கக்கூடும். நிறைக்கு விற்கும் துணியில் துண்டுகளின் நீளத்தை விரித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஈரமான வெள்ளைத் துணியால் ஓரத்தைத் தேய்த்தால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும்.

முதற் கடையிலேயே வாங்காமல் மூன்று கடைகளிலாவது விலை கேளுங்கள். புறக்கோட்டை வியாபாரிகளில் தமிழ் பேசும் முஸ்லிம்களும் தமிழர்களும் நிறையப் பேர் இருப்பதால் மொழிக்கு அஞ்ச வேண்டியதில்லை. சிங்களத்தில் விலை என்ன என்று கேட்க "கீயத?" என்றால் போதும். மொத்த விலையைச் சிங்களத்தில் "தொக மில" என்பார்கள், சில்லறை விலையைச் "சில்லற மில" என்பார்கள். எங்கள் தொகையும் சில்லறையும்தான் அவை. நீங்கள் கேட்பது தொக மில என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும். இது அவர் செய்யும் தயவு அல்ல. தையல் இயந்திரம், மின் அழுத்தி போன்றவற்றை வாங்கும்போது உத்தரவாதக் காலத்தையும் திகதியையும் எழுதுவித்துக்கொள்ளுங்கள். பொருளில் குறை இருந்தால் வாங்கிய 3 மாதங்களுக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். அதன் உடனடி அழைப்பு இலக்கம் 1977. கூட்டாக வாங்கும் குழுவுக்கும் பற்றுச்சீட்டு அவசியம். தங்களுக்குள் கணக்குக் காட்ட அதுவே சாட்சி.

நாளும் நேரமும்

ஞாயிற்றுக்கிழமைகளிலும் போயா தினங்களிலும் மொத்தக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காகப் பல கடைகள் சிறிது நேரம் மூடப்படும். அலுவலக வேலையும் இருக்குமானால் அதைக் காலையில் முடித்துவிட்டுச் சந்தைக்கு வாருங்கள். பொதியைச் சுமந்துகொண்டு வரிசையில் நிற்க முடியாது. பாரத்தைத் தூக்க நாட்டாமைகள் இருக்கிறார்கள். கூலியை முன்கூட்டியே பேசி, பொதியைக் கண்ணிலிருந்து மறையவிடாமல் கூடவே நடங்கள்.

பணத்தை ஒரே இடத்தில் வைக்க வேண்டாம். திரும்பும் பஸ் காசைத் தனியே ஒதுக்குங்கள். தேசிய அடையாள அட்டையின் பிரதி ஒன்றை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். பஸ்ஸிலோ நெரிசலிலோ யாரேனும் தொந்தரவு செய்தால் சத்தமாகச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல. பொலிஸ் அவசர இலக்கம் 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செட்டியார் தெருவின் வெளிச்சம் கண்ணைப் பறிக்கும். பிள்ளைக்கு ஒரு சோடித் தோடு வாங்க எந்தத் தாய்க்கும் ஆசை வரும். அது தவறல்ல. ஆனால் தொழிலுக்கென்று கொண்டுவந்த காசில் அது வேண்டாம். அந்தக் காசு குழுவின் காசு, அடுத்த மாத உலைக்கான காசு. இலாபத்தில் ஒரு பங்கை ஒதுக்கிச் சேருங்கள். அந்தத் தோட்டைக் கடனில்லாமல் வாங்கலாம்.

தமது சரக்கின் உண்மையான விலையை அறிந்த பெண்ணிடம் வாசலுக்கு வரும் வியாபாரியும் நியாய விலையே சொல்வார். எல்லோரும் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. போய்வருபவர் விலைகளை எழுதிவந்து கூட்டத்தில் வாசித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு கொப்பியோடு வாருங்கள். நீங்கள் மாதந்தோறும் வாங்கும் பொருட்களையும், இப்போது கொடுக்கும் விலையையும் முதற் பக்கத்தில் எழுதுங்கள். புறக்கோட்டைக்கான பயணம் அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது.