பனி நாட்டில் முதற் குளிர்காலம்

பனி என்னும் சொல்லைத் தமிழர்களாகிய நாம் மிக எளிதாக வழங்கி வருகின்றோம். ஆறு பருவங்களுள் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என அதன் பெயரையே சூட்டியுள்ளோம். மார்கழி மாதத்து விடியற்காலையில், திருவெம்பாவைப் பூசைக்குச் செல்லும் முதியவர்கள் காதுகளைத் துவாயினால் மூடிக்கொண்டு, “என்ன பனியப்பா!” என்று நடுங்குவதை யாழ்ப்பாணத்திற் காணாதார் இலர். அவ்வேளையிலும் வெப்பமானி 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. நுவரெலியாவை அறிந்தோர் இன்னும் சற்று மேலே சென்று, தை, மாசி மாதங்களிற் சில காலைகளிற் புல்லின்மேல் உறைபனி படிந்திருக்கும் காட்சியைக் கூறுவர். கதிரவன் எழுந்ததும் அதுவும் மறைந்துவிடும்.

அங்ஙனமாயின், இத்தகைய வெப்ப நாட்டிற் பிறந்து வளர்ந்த ஒருவர், வெண்பனி மாதக்கணக்கில் நிலத்தை மூடிக்கிடக்கும் மலைநாடொன்றில் வாழ எவ்வாறு பழகுகின்றார்? 1983 ஆம் ஆண்டின் பின்னர் நம்மவர் பல்லாயிரவர் சுவிற்சர்லாந்திற் குடியேறினர். அங்கு மகனையோ மகளையோ உடைய குடும்பங்கள் நம் ஊர்களிற் பல. ஆதலின் இவ்வினா நம் வீட்டு வினாவுமாகும்.

கடிதங்களில் இல்லாத செய்தி

எம் தமக்கையார் 1996 ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் மணமகளாக அந்நாடு சென்றார். அவர் சென்று சேர்ந்த இடம் கிறவுபுண்டன் என்னும் கிழக்கு மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீற்றர் உயரத்திலுள்ள மலைக் கிராமமொன்று. ஜேர்மன், றோமாஞ்சு, இத்தாலியம் ஆகிய மூன்று மொழிகளும் அரச மொழிகளாயுள்ள மாநிலம் அது. தமக்கையாருக்கு மூன்றும் தெரியா. அத்தான் உல்லாச விடுதியொன்றின் சமையலறையிற் பணியாற்றினார். பனிச்சறுக்கு விளையாட வருவோர் நிறையும் குளிர்காலமே அவ்விடுதிகளுக்கு அறுவடைக் காலம். காலையிற் செல்பவர் நள்ளிரவிலேயே திரும்புவார்.

அந்நாளில் யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் வந்து சேரப் பல வாரங்கள் செல்லும். வந்ததை அன்னையாருக்குப் படித்துக் காட்டும் பணி, பள்ளி மாணவராயிருந்த எம்முடையது. “நான் நலம். குளிர் பரவாயில்லை. வெண்பனி பஞ்சுபோல் விழுவது மிகவும் அழகு.” ஒவ்வொரு கடிதமும் ஏறத்தாழ இவ்வாறே இருந்தது. நாம் மகிழ்ந்தோம். அன்னையார் மட்டும் ஒருநாள், “எல்லாம் எழுதியிருக்கிறாள்தான். ஆனால் ஒரு ஆளின்ரை பேரும் கடிதத்திலை இல்லையே, தம்பி” என்றார். அவர் எதனைக் கண்டு அஞ்சினார் என்பது அன்று எமக்கு விளங்கவில்லை.

சென்ற மார்கழி விடுமுறையில், தமக்கையார் வீட்டிற் சில வாரங்கள் தங்கியபோதே அது விளங்கிற்று.

மூடுபனிக்கு மேலே

நாம் இறங்கிய சூரிச் நகரம் மூடுபனியில் மூழ்கிக் கிடந்தது. நண்பகலிலும் தெரு விளக்குகள் எரிந்தன. லண்ட்குவார்ட் என்னும் நிலையத்தில் மாறி, மலையேறும் சிறிய செந்நிறப் புகையிரதத்தில் அமர்ந்தோம். வண்டி மேலேறச் சாம்பல் நிறத் திரை கிழிந்து, கண் கூசும் நீலவானமும் வெண்மலைகளும் தோன்றின. மூடுபனி கீழே கடல்போற் பரந்து கிடந்தது.

பாரமான குளிர்வளி தாழ்நிலத்திலே தேங்கிவிட, அதன் மேலே இளஞ்சூடான வளி மூடிபோல் அமர்வதே இதற்குக் காரணம். உயரம் கூடக் குளிரும் கூடும் என்று வகுப்பிற் கற்பிக்கின்றோம். 1,000 மீற்றருக்கு ஏறக்குறைய 6½ பாகை என்பது பொதுவான கணக்கு. ஆயினும் காற்றில்லாத தெளிந்த குளிர்கால இரவுகளில் இக்கணக்குத் தலைகீழாவதுண்டு. பள்ளத்தாக்கின் அடித்தளமே அதன் சரிவுகளைவிட அதிகம் குளிரும்.

தமக்கையார் தம் முதற் குளிர்காலத்தின் உண்மை வரலாற்றை ஓரிரவு தேநீர் அருந்தியவாறே கூறினார். வந்த சில நாள்களில், நம்மூர்ச் சப்பாத்துடன் வெளியே சென்று வழுக்கி வீழ்ந்தார். அன்று முதல் வெளியே செல்ல அஞ்சி, சாளரங்களை அடைத்துத் திரைகளை இழுத்துவிட்டு உள்ளேயே இருந்தார். மார்கழி இறுதியில் அங்கே பகற்பொழுது எட்டரை மணி நேரமே. மலைத்தொடர் மறைப்பதால் வெயிலோ அதனினும் குறைவு. தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் வெண்கல்லாய் உறைந்தது. உதடுகள் வெடித்தன. சோறும் கறியும் சமைத்த நீராவி வெளியேற வழியின்றிக் குளிர்ந்த சுவர்களிற் படிந்து, மூலைகளிற் கரும்பூஞ்சணம் பிடித்தது. வீட்டு உரிமையாளர் சினந்தார். நாற்பது நாள்களுக்கு மேல் அவர் வாயிற்படியைத் தாண்டவில்லை. கணவரைத் தவிர ஒருவருடனும் பேசவுமில்லை. “பரவாயில்லை” என்ற கடிதங்கள் எல்லாம் அந்த அறையிலிருந்து எழுதப்பட்டவை.

உலர்ந்த சப்பாத்து

இதனைக் கண்டுபிடித்தவர் கீழ்த்தளத்தில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர். அந்நாட்டவரும் நம்மைப் போலவே சப்பாத்தைக் கழற்றிவிட்டே வீட்டினுட் புகுவர். மாடிப்படியருகே, தமக்கையார் கதவின் முன் இரண்டு சோடிகள் இருந்தன. ஒன்று நாள்தோறும் பனிநீரில் நனைந்து வந்தது. மற்றொன்று வாரக்கணக்காக உலர்ந்து, வைத்த இடத்திலேயே கிடந்தது. மாசி மாதத்து முற்பகலொன்றில், மூதாட்டியார் தம் மகளின் பழைய பனிச்சப்பாத்துகளையும் கம்பளிக் கையுறைகளையும் தூக்கிக்கொண்டு வந்து மணியை அடித்தார். மொழியில்லை. சப்பாத்தைக் காட்டினார், வெளியைக் காட்டினார், கையைப் பற்றினார்.

பாடம் அன்றே தொடங்கிற்று. நம் மாணவர்களுக்கும் பயன்படுமாதலின் அதனைச் சிறிது விரித்துரைப்போம்.

முதலாவது உடை. கம்பளி தானாக வெப்பம் தருவதில்லை. அதன் இழைகளுக்கிடையே அசையாது நிற்கும் வளியே உடல் வெப்பம் வெளியேறாது காக்கின்றது. ஆதலின் தடித்த அங்கி ஒன்றைவிட, மெல்லியவை மூன்றை அடுக்கி அணிதல் நன்று. இடையே சிறைப்படும் வளி கூடும்; நடந்து வேர்க்கும்போது ஒன்றைக் கழற்றவும் இயலும். நமக்கு உகந்த பருத்தி அங்கே தோலோடு ஒட்டி அணியத் தகாதது. வேர்வையை உறிஞ்சி ஈரத்துடன் நின்று உடலைக் குளிரச் செய்யும். விரல்கள் தனித்தனியே பிரிந்த கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாய்க் கிடக்கும் பைபோன்ற கையுறையே சூடானது. இறுகிய சப்பாத்தும் ஆகாது. அது குருதியோட்டத்தைத் தடுப்பதோடு, வளி நிற்கவும் இடம் விடாது.

இரண்டாவது நடை. பனிக்கட்டியின்மேல் நீண்ட அடி வைத்தல் தவறு. உடற்பாரம் முன்காலின் மேல் நிற்க, சிறு சிறு அடியாக, பாதத்தை முழுதும் பதித்து நடத்தல் வேண்டும். கைகள் சட்டைப் பைக்குள் இருத்தலாகாது. வீதிக்கு உப்புத் தூவுவது, உப்புநீர் உறையும் வெப்பநிலை தாழ்ந்தது என்னும் பெளதிக உண்மையாலேதான். கடுங்குளிரில் உப்பும் பயனற்றுப் போக, சிறு கற்களைத் தூவுவர்.

மூன்றாவது வீடு. நாளுக்கு இரண்டு மூன்று முறை, எல்லாச் சாளரங்களையும் ஐந்து பத்து நிமிடங்கள் அகலத் திறந்துவிட்டு, பின் இறுக மூடுதல் அந்நாட்டு வழக்கம். குளிரை வீட்டினுள் அழைப்பதா என்று தமக்கையார் திகைத்தாராம். ஆனால் அக்குறுகிய நேரத்தில் ஈரவளி வெளியேறுகின்றது. சுவர்களோ தம் வெப்பத்தை இழப்பதில்லை. பூஞ்சணம் பின்னர் வரவில்லை. உதடு வெடிப்பதற்குக் காரணமும் வளியே. குளிர்ந்த வளி சிறிதளவு நீராவியையே தாங்கும். அதனை உள்ளே கொணர்ந்து சூடாக்கினால் மிக வறண்டுவிடும். அதற்கு மூதாட்டியார் ஏதோ களிம்பு தந்தார். தமக்கையார் குளிரிலும் உறையாத நல்லெண்ணெயைப் பூசிக்கொண்டார்.

நான்காவது வெயில். வெப்ப நாட்டவராகிய நமக்கு வெயில் பழக்கமானது என்னும் இறுமாப்பு உண்டு. ஆனால் புதிய வெண்பனி தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேலாகத் திருப்பி எறிகின்றது. உயரம் கூடப் புறவூதாக் கதிர்களும் கூடும். கறுப்புக் கண்ணாடியின்றி நெடுநேரம் பனிவெளியில் நின்றால் கண் வெந்துபோகும். மற்றொருபுறம், உடலை மூடிக்கொண்டு உள்ளேயே இருப்போர்க்கு, அதிலும் கருநிறத் தோலுடைய நமக்கு, உயிர்ச்சத்து டி குறைந்து எலும்பும் தசையும் நலியும். ஆதலின் குளிர்காலத்தில் மருத்துவரை நாடி அவர் சொற்படி நடத்தல் நம்மவர்க்கு இன்றியமையாதது.

மலைமக்களும் கற்றவர்களே

அங்கே பிறந்தவர்க்குக் குளிர் இயல்பாகவே எளிது என்று எண்ணுதல் பிழை. அவர்களும் பட்டறிந்து கற்றவர்களே. அண்டர்மட் என்னும் மலையூரில், ஊருக்கு மேலேயுள்ள காட்டில் மரம் வெட்டலாகாது என்று 1397 ஆம் ஆண்டிலேயே கட்டளை எழுதினர். சரிந்து வரும் பனியைத் தடுத்து நிறுத்துவது அக்காடு. அவ்வூரையும் 1951 ஆம் ஆண்டின் கொடுங்குளிர்காலத்திற் பனிச்சரிவு தாக்கியது. அதன் பின்னர் மலைச்சரிவுகளில் உருக்குத் தடுப்புகள் பெருகின. இன்று டாவோஸ் நகரிலுள்ள பனி ஆராய்ச்சி நிலையம், பனிச்சரிவு அபாயத்தை ஐந்து படிகளாக வகுத்து நாள்தோறும் அறிவிக்கின்றது. தமக்கையாரின் மக்கள் பனியில் விளையாடப் புறப்படுமுன் அவ்வறிவிப்பைப் பார்ப்பதை நாம் கண்டோம்.

தலைமுறை தலைமுறையாக ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்ததனாலேயே அம்மக்கள் வாழ்கின்றனர். புதிதாக வந்தவர்க்குச் சொல்லிக் கொடுப்பார் இல்லாதபோதுதான் குளிர் கொடியதாகின்றது.

1998 ஆம் ஆண்டுத் தைப்பொங்கலைத் தமக்கையார் மறக்கவில்லை. பஞ்சாங்கப்படி கதிரவன் எழுந்துவிட்டான். ஆனால் மலைமுகட்டுக்கு மேலே அவன் முகம் தெரியப் பத்து மணியாகும். கிழக்குச் சாளரத்தருகே காத்திருந்து, முதற்கதிர் விழுந்தபின்னரே மின்னடுப்பிற் பானையை ஏற்றினார். அவ்வுயரத்தில் வளியமுக்கம் குறைவாதலால் நீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதிக்கும். பால் விரைவிற் பொங்கிற்று. அரிசியோ வேகப் பிந்திற்று. அவ்வளவு நேரமும் கீழ்வீட்டு மூதாட்டியார் அகப்பையைக் கையில் ஏந்தி அருகே அமர்ந்திருந்தாராம்.

அவர் இன்று இல்லை. அவர் தந்த பனிச்சப்பாத்துகள் தமக்கையார் வீட்டு வாயிலில் இன்றும் இருக்கின்றன. அயலூர்களுக்கு மணமகளாக வரும் நம் பெண்கள் எவரேனும் இருப்பதாகக் கேள்வியுற்றால், தமக்கையார் அவற்றைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றார். “தம்பி, குளிருக்கு உடுப்பிருக்கு. ஆளில்லாத வீட்டுக்குத்தான் உடுப்பில்லை” என்றார் எம்மிடம்.

பழைய கடிதக்கட்டு எம் வீட்டில் இன்றும் உளது. ஊர் திரும்பியதும் எடுத்துப் பார்த்தோம். 1997 ஆம் ஆண்டு சித்திரையில் வந்த கடிதத்தில், “கீழ்வீட்டு ஆச்சியோடு கடைக்குப் போனேன்” என்று ஒரு வரி. அதனைப் படித்த அன்று அன்னையார், “இனிப் பயமில்லை” என்று கூறியது நினைவுக்கு வந்தது.

இக்காலத்திற் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. பிள்ளைகளின் முகத்தையே நாள்தோறும் தொலைபேசியிற் காண்கின்றோம். கண்டவுடன், “அங்கே குளிர் எப்படி?” என்று கேட்கின்றோம். “பரவாயில்லை” என்பதே விடையாக வரும். அதனோடு நில்லாது, “இன்றைக்கு யாரோடு கதைத்தாய்?” என்றும் பெற்றோர் கேட்பாராக. எம் அன்னையார் அக்கடிதங்களில் தேடியது அவ்விடையையே.